கேரட் லைனில் அடித்த பந்து

பவளக்கொடி அடித்த முதல் பந்து டிவிக்குள் விழவில்லை. திரையிலிருந்த ரோஸ் முடிக்காரப் பெண் மட்டையைச் சுழற்றி அடித்துவிட்டு, கையை நெற்றிக்குக் குடையாக வைத்து வானத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவளுடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நின்ற பென்குயினும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. கொடி நட்ட குழிக்கருகே வரிசையாக நின்ற தொப்பிக்காரக் கூட்டம் கைதட்டுவதற்காகக் கையை விரித்தபடி காத்திருந்தது. பந்து வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்கு வெளியே, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கிளப்பின் புல்வெளியில் பொத்தென்று ஏதோ விழுந்தது. பவளக்கொடி சோறு பொங்குகிறதென்று நினைத்து அடுப்படிக்கு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம், கிளப்பில் புல் வெட்டும் கார்மேகம் வேலை முடிந்து திரும்பியவன், குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, "பன்னண்டாவது குழிக்குப் பக்கத்துல ஒரு பந்து கெடக்குது. ஆரஞ்சு கலரு. கண்ணும் வாயும் வரைஞ்சு சிரிச்ச மொகமா இருக்கு. கடப்பாரை போட்டு நெம்பிப் பாத்தோம், அசைய மாட்டேங்குது" என்றான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. குடத்தோடு நின்ற பெண்களுக்கு, அசையாத பந்தைவிட நகராத வரிசைதான் பெரிய விஷயம். பவளக்கொடி மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "சிரிச்ச மொகமா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப அது என்னோட பந்து."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கார்மேகம் முகம் கழுவக் குனிந்தான்.

ஒத்தைமட்டம் மலைமேல் இருக்கிற ஊர். மேட்டில் கடைவீதியும் பஸ் ஸ்டாண்டும் சுற்றுலா வந்தவர்கள் தங்கும் விடுதிகளும். சரிவில், தகரக்கூரை போட்ட மூன்று வரிசை வீடுகளாகக் கேரட் லைன். தோட்டங்களிலிருந்து மண்ணோடு வந்து இறங்கும் கேரட்டை உருளை மிஷினில் கொட்டி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, வால் கிள்ளி, தரம் பிரித்து, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிற வேலை லைன்காரர்களுக்கு. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். விரல் இடுக்கில் ஏறிய ஆரஞ்சு நிறம் மட்டும் எந்தச் சோப்புக்கும் போகாது. லைனை ஒட்டிக் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் கிளப்பின் கோல்ஃப் மைதானம், சீவிவிட்ட தலை மாதிரிப் பச்சைப்பசேலென்று ஓடை வரைக்கும் இறங்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் லைன்காரர்களின் இடுகாடு.

லைனிலிருந்து இடுகாட்டுக்கு ஒரு வழி இருந்தது. கற்பூர மரத்தடியில் தொடங்கி, சரிவில் இறங்கி, ஓடையில் கல்தாண்டி, பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற வழி. பவளக்கொடியின் மகள் இளவேனில் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கிளப்புக்கு ஒன்பது குழி போதாமல் பதினெட்டு குழி வேண்டியிருந்தது. புதிதாகத் தோண்டிய ஒன்பது குழிக்கும் நடுவே அந்த வழி போய்விட்டது. வேலி வந்தது, வேலியில் கதவு வந்தது, கதவில் பூட்டு வந்தது. அன்றிலிருந்து லைனில் செத்தவர்கள் எல்லாரும் கேரட் லாரியில் ஏறி, கடைவீதியைச் சுற்றி, மலைப்பாதையில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, பின்பக்கமாக இடுகாட்டுக்குப் போனார்கள். அதற்குச் சுத்துவழி என்று பெயர். கண்ணெதிரே தெரிகிற இடத்துக்குப் போக அரைநாள்.

பவளக்கொடியின் புருஷன் ராசரத்தினம் போனது அடைமழைக் காலத்தில். மலைப்பாதையில் மண் சரிந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், சுற்றுலாக் கார்களுக்கு நடுவே லாரி மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்த கார்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு குடும்பம் கண்ணாடியை இறக்கிப் போட்டோ எடுத்தது. தார்ப்பாய் ஒழுகியது. பவளக்கொடி லாரிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, புருஷன் முகத்துக்குமேல் குடையைப் பிடித்தபடி, மண் அள்ளி முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தாள். குடை பிடித்த அந்தக் கை அதற்கப்புறம் முழுதாக இறங்கவே இல்லை என்று லைனில் சொல்வார்கள். உண்மைதான். கேரட் மூட்டை தூக்கும்போதுகூட வலது தோள் கொஞ்சம் மேலேதான் நிற்கும்.

பெங்களூரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்த இளவேனில், அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியைப் பொங்கலுக்குக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள். ஒரே ஒரு கேம்தான் அதில் ஓடியது. அதன் சிடி உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. மட்டையால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் விளையாட்டு. பாட்டும் கும்மாளமுமாக இருக்கும். அடிக்கிற ஆட்களுக்கு உடம்பைவிடத் தலை பெரிது; பந்து தண்ணீரில் விழுந்தால் திமிங்கிலம் வாயிலிருந்து துப்பிக் கொடுக்கும்; குழியில் விழுந்தால் பென்குயின் வயிற்றைத் தட்டிக்கொண்டு ஆடும், கூட்டம் காகிதப் பூ எறியும். ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால், திரையில் மட்டை வீசும். "தனியா இருக்கறப்ப விளையாடும்மா, மனசு லேசாகும்" என்று சொல்லிவிட்டு மகள் பஸ் ஏறினாள்.

மனசு லேசாகவில்லை. அந்த மதியம் டிவியைப் போட்ட பவளக்கொடியின் கண்ணில் முதலில் பட்டது பச்சைப் புல்தான். என் புருஷனைப் போகவிடாத புல்தானே இது, இதுக்குப் பாட்டு ஒரு கேடா என்று நினைத்தாள். நினைத்த வேகத்தில், அந்த உயர்ந்த தோளிலிருந்து கையை வீசினாள். அப்படித்தான் முதல் பந்து போனது.

மறுநாள் அவளுடன் வேலை பார்க்கிற வெள்ளையம்மா வந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள், வாய் நீளம், நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், மாத்திரையையும் திட்டிக்கொண்டேதான் விழுங்குவாள். "எங்கே, எனக்கு ஒண்ணு குடு பாக்கலாம் கொடி" என்று ரிமோட்டை வாங்கி விளையாட்டாக வீசினாள். பந்து டிவிக்குள்ளேயே போய் மரத்தில் முட்டி விழுந்தது. பென்குயின் சிரித்தது. "சிரிக்குது பாரு சனியன்" என்றாள். பிறகு லாரியில் போன தன் தங்கச்சி பேச்சியை நினைத்துக்கொண்டு வீசினாள். அந்தப் பந்து திரையை விட்டு வெளியேறி, ஜன்னல் சட்டத்தைக்கூட உரசாமல், வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல கெடக்குது. ரெண்டும் பழைய வழிமேலதான் கெடக்குது" என்று சொன்னாள்.

இப்படித்தான் லைனுக்கு விஷயம் புரிந்தது. சும்மா அடித்தால் பந்து சும்மா இருக்கும். சுத்துவழியில் போனவர்கள் யாரையாவது நினைத்து அடித்தால் வெளியே போகும், பழைய வழிமேல் விழும், விழுந்த இடத்தைவிட்டு அசையாது. யார் எந்தப் பக்கம் திரும்பி நின்று வீசினாலும், திரையில் காற்று எந்தப் பக்கம் அடிப்பதாகக் காட்டினாலும் அது வழியைத் தப்பியதில்லை. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. வரிசையை எப்படி வைப்பது என்றுதான் கேட்டார்கள். மேல் வரிசை வீடுகள் திங்களும் வியாழனும், நடு வரிசை செவ்வாயும் வெள்ளியும், கீழ் வரிசை புதனும் சனியும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கிறிஸ்தவ சபைக்கும் போய்விட்டு வருகிறவர்களுக்கு. குளிக்காமல் ரிமோட்டைத் தொடக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் வேண்டாம், கையைக் கழுவினால் போதும் என்றாள் பவளக்கொடி. ஆட்களுக்குப் பெயர் வைத்தார்கள். ரோஸ் முடிக்காரி ரோஸ்மேரி ஆனாள். மீசை வைத்த தொந்திக்காரர் தாசில்தார். தாசில்தாரை வைத்து அடித்தால் பந்து கொஞ்சம் தாமதமாகத்தான் விழுகிறது என்று ஒரு பேச்சு இருந்தது.

புருஷனைக் கொடுத்தவள் வந்து அடித்தாள், பிள்ளையைக் கொடுத்தவன் வந்து அடித்தான், பிறந்த மூன்றாம் நாள் போன குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லையே என்று அழுதுகொண்டே ஒருத்தி வந்து, ரிமோட்டைப் பிடிக்கத் தெரியாமல் மாராப்போடு சேர்த்துப் பிடித்து லேசாக அசைக்க, அந்தச் சின்னப் பந்து பஞ்சுபோல மிதந்து போய் ஓடைக்கரையில் மெதுவாக உட்கார்ந்தது. அப்போதும் திரையில் காகிதப் பூ பறந்தது, பென்குயின் ஆடியது. சபையில் பாடுகிற சாமுவேல் அண்ணன்தான் அதைத் தாங்க முடியாமல், "சாவை நெனச்சு ஒருத்தி அழுவுறா, அந்தக் குருவி ஆடுதே, இது நியாயமா?" என்று கேட்டார்.

"நம்ம சாவுக்கு நாம ஆடறது இல்லையாண்ணே?" என்றாள் வெள்ளையம்மா. "தப்பட்டை அடிச்சா நீங்கதான மொதல்ல இறங்குறீங்க. மழையில, லாரியில, யாருக்கும் ஆட முடிஞ்சுதா? அவங்களுக்கு நின்னு போன ஆட்டத்தை அது ஆடுது. ஆடட்டும்."

சாமுவேல் அண்ணன் யோசித்தார். பிறகு தன் அப்பாவுக்கு அடித்தார். பென்குயின் ஆடியபோது அவரும் தோளைக் கொஞ்சம் குலுக்கினார்.

மழை முடிந்து பனி தொடங்கியபோது, கற்பூர மரத்திலிருந்து ஓடை வரைக்கும் புல்வெளியின் குறுக்கே ஆரஞ்சுப் பந்துகள் ஒரு கோடாகக் கிடந்தன. மூடுபனி இறங்கினால் மைதானம் முழுக்க மறைந்துபோகும்; அந்தக் கோடு மட்டும் தெரியும். மேட்டுத் தெருவிலிருந்து பார்த்தவர்களுக்குக்கூட, இங்கே ஒரு வழி இருந்திருக்கிறது என்று சொல்லாமலே விளங்கியது. கிளப்புக்குத்தான் பொறுக்கவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. மண்ணைப் போட்டு மூடினார்கள், காலையில் பந்து மண்ணுக்கு மேல் சிரித்துக்கொண்டு இருந்தது. புல்வெட்டும் மிஷினின் பிளேடு உடைந்துகொண்டே இருந்தது. ஓட்டுகிற கார்மேகத்துக்கு எந்தப் பந்து யாருடையது என்று தெரியும்; ஒவ்வொரு தடவை இடிக்கும்போதும், "மன்னிச்சுக்க சித்தப்பா", "வலிச்சுதா மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

கடைசியில் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பை விட்டு இறங்காமலே, "பந்தடிக்கிறது யாரு?" என்று கேட்டார். லைன் முழுக்க வெளியே வந்து, "நாங்கதான்" என்றது.

"எதால அடிக்கிறீங்க? மட்டை எங்க?"

பவளக்கொடி ரிமோட்டை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏட்டு பொன்னரசுவிடம் கொடுத்து, பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஜீப் போனபிறகு லைன் செத்த வீடு மாதிரி இருந்தது. சிலர் பவளக்கொடியைக் குறை சொன்னார்கள். ஒன்றிரண்டு பந்தோடு நிறுத்தியிருக்கலாம், நாமும் வாழணுமில்லையா என்றார்கள். அவள் வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போய், வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். காலையில் கேரட் கழுவிவிட்டு வந்து உட்காருவாள், இருட்டும் முன் எழுந்து போவாள். என்ன வேண்டும் என்று கேட்டால், "என் பெட்டி" என்பாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஏட்டு பொன்னரசு பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவரே லைனுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "எடுத்துக்கங்கக்கா. இது ஸ்டேஷன்ல இருந்தா வேலை நடக்காது. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் உக்காந்து அழுவுறாங்க."

"நீங்களும் அடிச்சீங்களா ஏட்டய்யா?"

"எங்க ஊரு கீழ, சமவெளியில. எங்க ஆத்தாவையும் வயக்காட்டைச் சுத்தித்தான் கொண்டுபோனோம். நேர்வழி இன்னொருத்தன் வரப்பு." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்க ஊர்ல இருந்து காலையில போன் வந்துச்சு. வரப்புமேல ஆரஞ்சு கலர்ல ஏதோ கெடக்காம்."

அடுத்ததாகக் கிளப்பின் செயலாளர் சந்திரசூடன் நேரில் வந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத ஸ்வெட்டர், யாரையும் ஒருமையில் பேசாதவர். பவளக்கொடி நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். வெள்ளையம்மா கதவருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு அப்போது வந்துவிட்டாள். லைன்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லம்மா" என்று ஆரம்பித்தார் செயலாளர். "ஆனா அங்க வழி இருந்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் படுத்திருக்கான்" என்றாள் வெள்ளையம்மா. "பறந்தா போயிருப்பான்?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த மாதம் வருடாந்திரக் கோப்பைப் போட்டி, வெளியூரிலிருந்தெல்லாம் ஆட வருகிறார்கள், அதற்குள் பந்துகளை எடுத்துவிட்டால் கிளப் சார்பில் லைனுக்கென்றே ஒரு அமரர் ஊர்தி வாங்கித் தருவதாகச் சொன்னார். புது வண்டி. உள்ளே ஏசி. டிரைவர், டீசல், எல்லாம் கிளப் பொறுப்பு. மழையிலும் ஒழுகாது.

வாசலில் சலசலப்பு எழுந்தது. நல்ல ஏற்பாடுதானே என்று ஒரு குரல் கேட்டது. வேண்டாம் என்றால் இதுவும் இல்லாமல் போகும் என்றது இன்னொன்று. சாமுவேல் அண்ணன்கூட, "யோசிச்சு சொல்லு கொடி" என்றார். பவளக்கொடி தன் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர்களில் யாரையும் அவளால் வெறுக்க முடியவில்லை. ஒழுகாத வண்டி என்ற சொல் அவள் நெஞ்சையும்தான் தொட்டது. லாரிக்குள் குடை பிடித்த அந்த நேரத்தில் யாராவது வந்து அதைக் கொடுத்திருந்தால், கும்பிட்டு வாங்கியிருப்பாள்.

"வண்டி நல்ல வண்டியாத்தான் இருக்கும் சார்" என்றாள். "ஆனா அதுவும் சுத்துவழியிலதான போகும்?"

"ரோடு அப்படித்தானேம்மா இருக்கு."

"எங்க ஆளுங்க ரோட்டுல போக வேண்டாம். எங்க தோள்மேல போகட்டும். வண்டி குடுக்கறதுக்கு இருக்கற மனசு, அந்தக் கதவைத் திறக்கறதுக்கு ஏன் இல்ல?"

செயலாளர் டீக் குவளையைக் கீழே வைத்தார். மைதானம் இரண்டாகப் போய்விடும், ஆட்டம் கெட்டுவிடும், உறுப்பினர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பவளக்கொடி ரிமோட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்க ஒண்ணு அடிச்சுப் பாருங்க சார். நெசமாவே ஆடத் தெரிஞ்சவரு."

மறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, காலை அகட்டி, இடுப்பை வளைத்து, நாற்பது வருஷப் பழக்கத்தில் அழகாக வீசினார். லைன்காரர்கள் அப்படி ஒரு வீச்சைப் பார்த்ததில்லை. பந்து திரையில் நீல வானத்தில் ஏறி, வில்லாக வளைந்து இறங்கி, நேராகக் குழிக்குள் போனது. ரோஸ்மேரி குதித்தாள், பூ கொட்டியது, பென்குயின் ஆடியது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை. இன்னொரு முறை வீசினார். மறுபடியும் குழிக்குள். மூன்றாவது முறை வீசும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு யாரையோ நினைத்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதுவும் டிவிக்குள்ளேயே விழுந்தது.

"எனக்கு ஏன் போக மாட்டேங்குது?" என்று கேட்டார். அந்தக் குரலில் செயலாளர் இல்லை.

"உங்க வீட்டு ஆளுங்க யாரையும் சுத்துவழியில கொண்டுபோகலையே சார்" என்றாள் வெள்ளையம்மா.

அவர் போனபிறகு வெகுநேரம் யாரும் கலையவில்லை. வெள்ளையம்மாதான் பேச்சை எடுத்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. அடுத்து போகப்போறவ நான்தான். டாக்டர் சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். எனக்காக எவளும் பந்தடிக்க வேண்டாம். லாரி வேண்டாம், ஏசி வண்டி வேண்டாம். நேரா தூக்கிட்டுப் போங்க. முடியாதுன்னா இங்கேயே வாசல்ல போட்டு வையுங்க, நாறட்டும், மேல கிளப்பு வரைக்கும் நாறட்டும்." மூச்சு வாங்கியது. "ஏசி வண்டியாம்ல. உசுரோட இருக்கறப்ப ஒரு ஃபேன் வாங்கிக் குடுத்தானா?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். ஏசி வண்டி வேண்டும் என்றவர்களும் சிரித்தார்கள். வண்டிப் பேச்சு அத்தோடு போனது.

வெள்ளையம்மா கோப்பைப் போட்டி நடந்த அன்று காலையில் செத்தாள். உருளை மிஷினுக்குப் பக்கத்தில், கேரட் மூட்டைமேல் சாய்ந்து, யாரையோ திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுபோனாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பவளக்கொடி போய் மிஷினை நிறுத்தினாள். வெள்ளையம்மாவின் கண்ணை மூடினாள், மண் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள், கழுவிக்கொண்டே, "இன்னிக்கித்தான் போகணும்னு பாத்து வச்சிருந்தியாக்கா?" என்று கேட்டாள்.

பிள்ளை இல்லாதவளை யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. கேரட் கழுவுகிற பெண்கள் தூக்குவார்கள் என்று பவளக்கொடி சொன்னாள். பெண்கள் இடுகாட்டுக்கு வருவது வழக்கமில்லையே என்றார் ஒருவர். "லாரியில நான் போனேன். அப்ப எந்த வழக்கம் வந்து குடை புடிச்சுது?" என்று கேட்டாள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மூங்கில் வெட்டப் போனார்.

வெயில் ஏறி, பனி விலகிய நேரத்தில் தப்பட்டை முழங்கியது. கற்பூர மரத்தடியிலிருந்த வேலிக்கதவின் முன்னால் பாடை வந்து நின்றது. உள்ளே, காலர் வைத்த சட்டையும் தொப்பியுமாக ஆட்டக்காரர்கள் ஆங்காங்கே நின்றிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருந்தார். பக்கத்தில் ஏட்டு பொன்னரசு, தரையைப் பார்த்துக்கொண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் சாவிக்கொத்தோடு கார்மேகம்.

செயலாளர் வேகமாக வந்தார். "அம்மா, தயவுசெஞ்சு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். போட்டி முடியட்டும், நாளைக்கு உக்காந்து பேசலாம்."

"அவ நாளைக்கு வரமாட்டா சார்" என்றாள் பவளக்கொடி. "இன்னிக்குத்தான் போறா."

"இது தனியார் இடம்."

"இருக்கட்டும். நாங்க இடத்தைக் கேக்கல. புல்லு உங்களுது, குழி உங்களுது, கொடி உங்களுது. இந்தா, கோடு போட்டுக் கெடக்கு பாருங்க, இது மட்டும் எங்களுது. பாக்கி எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க."

செயலாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அம்மா பாடையைப் பார்த்தார், அதைத் தாங்கி நின்ற பெண்களின் ஆரஞ்சு விரல்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். வேறு எதுவும் செய்யவில்லை. கார்மேகம் சாவியை எடுத்தான். "திறந்தா உனக்கு நாளைக்கு வேலை இல்ல" என்றார் பின்னால் நின்ற கிளப் சூப்பர்வைசர். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுத் திறந்தான். பூட்டு துருப்பிடித்திருந்தது; இரண்டு முறை உதறவேண்டியிருந்தது.

பவளக்கொடி வலது பக்கம் முன்கொம்பைத் தாங்கினாள். பல காலமாக இறங்காமல் நின்ற அவள் தோளுக்கும் மூங்கிலுக்கும் உயரம் சரியாக இருந்தது. தப்பட்டைக்காரர்கள் முன்னால் இறங்க, சாமுவேல் அண்ணன் ஆடிக்கொண்டே இறங்க, குழந்தைகள் சாமந்திப்பூவை உதிர்த்துக்கொண்டே இறங்க, லைன் மொத்தமும் அந்தக் கோட்டின்மேல் நடந்தது. அவரவர் பந்து வரும்போது அவரவர் நின்று, குனிந்து தொட்டு, ஒரு வார்த்தை சொல்லி நடந்தார்கள். "வாங்க, போலாம்" என்றார்கள் சிலர். பெயர் வைக்காத குழந்தையின் தாய் ஒரு பெயரைச் சொன்னாள். ராசரத்தினத்தின் பந்து வந்தபோது பவளக்கொடியால் குனிய முடியவில்லை, தோளில் பாரம். ஆகவே வெறுங்காலால் அதை லேசாகத் தொட்டாள். இரண்டு வருஷமாகக் காத்திருந்த அழுகை அப்போது வந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை. துடைக்காமலே நடந்தாள். ஆட்டக்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள்; கழற்றாதவர்களும் இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஓடையில் கல்தாண்டும் இடம் அப்படியே இருந்தது. பெண்கள் தோள் மாற்றவே இல்லை.

வெள்ளையம்மாவைப் பேச்சிக்குப் பக்கத்தில் இறக்கி, மண் தள்ளி, ஊதுபத்தி கொளுத்தி, ஓடையில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் துணியோடு எல்லாரும் திரும்பினார்கள். வந்த வழியே திரும்பினார்கள். எந்த வழியாகப் போகலாம் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அதற்குள் கிளப்பில் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. பாதிச் சரிவு ஏறியபோது, எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பந்து பறந்து வந்து, வழிமேல் விழுந்து, இரண்டு துள்ளு துள்ளி பவளக்கொடியின் காலடியில் நின்றது. தூரத்திலிருந்து மட்டையோடு ஒரு இளவட்டம் ஓடி வந்தான். அதைத் தொடாதீர்கள், கிடக்கிற இடத்திலிருந்துதான் அடிக்கவேண்டும் என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தான். பவளக்கொடி குனிந்து அதை எடுத்தாள். ஒன்றுமில்லாத கனம். ஈரக் கையால் அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆளுங்க நடக்கற வழி தம்பி. பாத்து அடிங்க" என்று சொல்லிவிட்டு, சேலையைப் பிழிந்துகொண்டு மேலே நடந்தாள்.